ஏற்காட்டில் கோலாக்கொட்டை மரம் வருமா?

நாகலூர் மிளகுக்கொடி எழுதியது:

வணக்கம். நாகலூருக்குக் கொஞ்சம் கீழே எங்களுக்கு மூன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. அராபிகாவும் மிளகும்தான் வருமானம். பலாவும் ஆரஞ்சும் வீட்டுக்கு. போன ஐப்பசிக் காற்றில் பெரிய சில்வர் ஓக் ஒன்று வேரோடு சாய்ந்து, விழும்போது பதினொரு காப்பிச் செடிகளையும் நசுக்கிவிட்டது. அந்த இடம் மொட்டை வெயிலில் கிடக்கிறது. என்ன நடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கொட்டை வந்து சேர்ந்தது.

என் தங்கை மகன் நைஜீரியாவில், லாகோஸ் நகரத்தில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தவன் சாக்லேட் கொண்டுவருவான் என்று பிள்ளைகள் பையைத் திறந்தால், ஈரத் துணியில் சுற்றிய ஒன்பது கொட்டைகள். கோலாக்கொட்டையாம். ஆறு சிவப்பு, மூன்று வெள்ளை. பெரிய கொட்டைப்பாக்கைவிட ஒரு சுற்றுப் பெரியது. நகத்தால் நெம்பினால் இரண்டு பருப்பாகப் பிளக்கிறது. வெட்டிய முகம், ஆப்பிள் கறுப்பது போல, பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்பழுப்பாகிறது.

என் மாமனாருக்கு 82 வயது. வெற்றிலை இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. அவர்தான் முதலில் ஒரு துண்டைக் கடித்தார். முகம் கோணியது. வேப்பங்கொட்டைக்கு அண்ணனாக இருக்கிறதே என்றார். வாய் கொப்பளிக்கச் செம்பில் தண்ணீர் கொடுத்தேன். கொப்பளிக்கப் போனவர் முழுச் செம்பையும் குடித்துவிட்டு, “இது எந்த ஊற்றுத் தண்ணீர்? இனிக்கிறதே!” என்று கேட்டார். எப்போதும் குடிக்கிற அதே தண்ணீர்தான். அன்றிரவு இரண்டு மணி வரை அவர் தூங்கவில்லை. பழைய துரைமார் காலத்துத் தோட்டக் கதைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் தூங்கவில்லை.

மீதிக் கொட்டைகளில் நான்கைந்தை விதைத்துப் பார்க்கலாம் என்று ஆசை. ஆப்பிரிக்க மழைக்காட்டு மரம் என்றான் தங்கை மகன். இங்கும் மழை உண்டு, நிழல் உண்டு, காப்பியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடிதானே. சாய்ந்த சில்வர் ஓக்கின் இடத்தில் இது வருமா? எப்படி முளைக்க வைப்பது? வளர்த்தவர்கள் யாராவது சேலம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். இரண்டு கொட்டைகளில் குண்டூசி முனை அளவு ஓட்டை இருக்கிறது, அது இயல்பா என்றும் தெரிய வேண்டும்.

மண்வெட்டி எழுதியது:

சில்வர் ஓக் போன இடத்தில் சில்வர் ஓக்கையே வையுங்கள்; மிளகு ஏறும். இல்லாவிட்டால் பலா. தெரியாத மரத்தை வைத்துவிட்டுப் பத்து வருடம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன லாபம்? 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார் என்றால் அவரிடம் அதிகாரமும் ஆளும் இருந்தார்கள். நம்மிடம் இரண்டும் இல்லை.

வாழப்பாடி பாக்குத்தோப்பு எழுதியது:

அம்மா, என் பாக்குத்தோப்பில் இரண்டு கோலா மரங்கள் நிற்கின்றன. 2011-இல் நட்டவை. அதனால் கேட்டுப் பழகியதைச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஓட்டை. அது இயல்பல்ல. கோலாக் கூன்வண்டு என்று ஒன்று உண்டு. காயிலேயே முட்டை வைத்துவிடும், புழு கொட்டைக்குள் வளர்ந்து ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். தயவுசெய்து ஒரு கொட்டையைக்கூட மண்ணில் வைக்காதீர்கள். ஒன்பதையும் அடுப்பில் போடுங்கள். உங்கள் காப்பியில் நீங்கள் வருடாவருடம் திட்டும் காய்த்துளைப்பான் எந்த ஊர்க்காரன்? அவனும் ஆப்பிரிக்காதான். இந்தியாவில் அவனை முதலில் கண்டது 1990-இல், கூடலூரில். அதன் பிறகு எத்தனை தோட்டங்களுக்கு அவன் போய்விட்டான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு கோலா, கொக்கோவின் குடும்பம். கொக்கோவைத் தாக்கும் நோய்களில் சில அதன் உறவு மரங்களிலும் ஒளிந்திருக்கும். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, நடுவதற்கான விதை வெளிநாட்டிலிருந்து வருவதாக இருந்தால் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும், அந்த நாட்டு அரசின் தாவர நலச் சான்றிதழும் கூடவே வர வேண்டும். உங்கள் தங்கை மகன் ஆசையாகக் கொண்டுவந்திருப்பான். அவனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை துணிமணி கொண்டுவரச் சொல்லுங்கள்.

இனி மரம். மழைக்காடு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் குளிர்ச்சியை நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் தவறு. கோலா பிறந்த காடு மேற்கு ஆப்பிரிக்காவின் தாழ்நிலக் காடு: சியரா லியோன், லைபீரியா, ஐவரி கோஸ்ட், கானா, நைஜீரியாவின் தெற்கு. கடல் மட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், புழுங்கும், இரவிலும் வேர்க்கும். உங்கள் காப்பியும் ஆப்பிரிக்கச் செடிதான், ஆனால் அராபிகா எத்தியோப்பிய மலைப் பிள்ளை. அது ஏற்காட்டுக் குளிரைச் சொந்த ஊர் என்று நினைத்துக்கொள்ளும். கோலா அப்படியில்லை. மார்கழி, தையில் பனி இறங்கி இரவு 13 டிகிரிக்குப் போகும்போது அது வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். செத்துப்போகாமல் இருந்தாலும் காய்க்காது. ஆக, நாகலூரில் வேண்டாம்.

சரி, கீழே இறங்கினால்? சேலம் வெப்பம் அதற்குப் பிடிக்கும், சேலம் வறட்சி பிடிக்காது. ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை கேட்கிற மரம் இது. நமக்கு வருவது அதைவிடக் குறைவு, அதுவும் ஐந்தாறு மாதத்தில் கொட்டி முடித்துவிடும். சித்திரை வெயிலில் இளங்கன்று ஒரே வாரத்தில் காகிதமாகிவிடும். மலையின் ஈரமும் சமவெளியின் சூடும் ஒரே இடத்தில் வேண்டும் என்று அடம்பிடிக்கிற மரம். நீலகிரிக்காரர்களுக்குக் கல்லாறும் பர்லியாறும் இருக்கின்றன, மங்குஸ்தானும் துரியானும் அங்கே காய்க்கின்றன. நம் மாவட்டத்தில் அதற்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வரும் இடம் கிணற்றுத் தண்ணீர் வற்றாத பாக்குத்தோப்புதான். மேலே பாக்கு, அதற்கும் மேலே தென்னை, கீழே வாழை, கால் வைத்தால் அமிழும் சருகு. வெளியே 39 டிகிரி அடிக்கும்போது உள்ளே சட்டை ஒட்டிக்கொள்ளும். அந்தப் புழுக்கம்தான் வேண்டும்.

நான் கேரளத்தில் ஒரு நர்சரியில் கோலா என்று நான்கு கன்றுகள் வாங்கினேன். ஒன்று முதல் கோடையிலேயே போயிற்று. ஒன்று நன்றாக வளர்ந்தது, ஆனால் ஐந்தாம் வருடம்தான் அது கோலாவே இல்லை என்று கண்டுபிடித்தேன். கசப்புக் கோலா. பெயரில் மட்டும்தான் கோலா. அது நம் கொடம்புளிக்கும் மங்குஸ்தானுக்கும் பங்காளி. அதன் கொட்டையில் காஃபீனும் கிடையாது. கன்று வாங்கும்போது இலைக்காம்பைக் கிள்ளிப் பாருங்கள். மஞ்சள் பால் வந்தால், இலைகள் தண்டில் எதிரெதிராக நின்றால், வைத்துவிட்டு வாருங்கள். உண்மையான கோலாவில் இலைகள் மாறி மாறி நிற்கும், மஞ்சள் பால் வராது. விற்றவரிடம் போய்க் கேட்டேன். இரண்டும் ஒன்றுதான் சார் என்றார். ஐந்து வருடம் தண்ணீர் ஊற்றியவனிடம் சொல்கிற பேச்சா இது?

மீதி இரண்டில் ஒன்று 2018-இல் பூத்தது. வெளிறிய மஞ்சள் பூ, உள்ளே இரத்தக் கோடு கிழித்தது போல் இருக்கும். வாசனையை வாசனை என்று சொல்ல மனம் வரவில்லை. சின்ன ஈக்கள்தான் மொய்த்தன. ஒரு பிஞ்சு நிற்கவில்லை. உரம் போதவில்லை என்று எண்ணித் தொழுவுரம், வேப்பம்பிண்ணாக்கு எல்லாம் கொட்டினேன். மறு வருடமும் பூத்து உதிர்ந்தது. பிறகுதான் தெரிந்தது, இந்த மரம் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஆண் பூவும் இருபால் பூவும் ஒரே மரத்தில் இருந்தாலும் பக்கத்தில் வேறொரு மரம் பூத்தால்தான் காய் பிடிக்கும். 2020-இல் இரண்டாவது மரமும் பூத்தது. அந்த வருடம் ஏழு காய்க்கொத்துகள். ஒரு காம்பில் ஐந்து காய்கள் நட்சத்திரம் போல விரிந்து நிற்பதைப் பார்க்க என் மனைவி அக்கம்பக்கத்தை எல்லாம் கூட்டி வந்தாள். எனவே ஒரு மரம் வைக்காதீர்கள். குறைந்தது மூன்று, இருபதடி இடைவெளியில்.

விதையைப் பற்றி: காய்ந்தால் செத்தது. காப்பி விதையைப்போல் உலர்த்தி வைத்துப் போட முடியாது. என் மரத்துக் கொட்டைகள் இருபதைத் தேங்காய் நார்க்கழிவும் மணலும் கலந்து நிழலில் போட்டேன். முதல் முளை 41-ஆம் நாள். கடைசி முளை ஐந்தாம் மாதம். மொத்தம் 13. நடுவில் ஒரு நாள் என் பேரன், முளைக்கிறதா என்று பார்க்க எல்லாவற்றையும் தோண்டி எடுத்து வரிசையாக வைத்துவிட்டான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பறித்த உடனே போட்டதைவிட, மூன்று நான்கு மாதம் ஈரம் போகாமல் வைத்திருந்து போட்டால் ஒன்றாக முளைக்கிறது.

விதைக் கன்று ஏழெட்டு வருடம் ஆகும். ஒட்டுக் கன்று கிடைத்தால் பாதிக் காலம் போதும். மண்வெட்டி அண்ணன் கேட்ட லாபம் இதில் இல்லை. பாக்கு மண்டியில் ஒரு கொட்டையைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “இது எந்த ஊர்ப் பாக்கு? சாயம் ஏறாது போலிருக்கிறதே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாகலூர் மிளகுக்கொடி எழுதியது:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஓட்டைக் கொட்டை ஒன்றைக் கத்தியால் பிளந்தேன். வெள்ளையாக, சுருண்டு, தலை மட்டும் பழுப்பாக ஒரு புழு. உடம்பெல்லாம் கூசியது. மீதியிருந்த அத்தனையும், சுற்றி வந்த துணியும், விறகடுப்பில் போய்விட்டன. மாமனாருக்குத்தான் வருத்தம். ஒன்றையாவது ஒளித்து வைத்திருப்பாரோ என்று அவருடைய வெற்றிலைப் பெட்டியைச் சோதித்தேன். ஒளித்து வைத்திருந்தார். அதுவும் அடுப்புக்குப் போயிற்று.

ஏற்காட்டில் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குப்பனூர்ப் பக்கம் அப்பா கொடுத்த ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. அதில் பாதி தென்னை, கொஞ்சம் பாக்கு. மலையிலிருந்து இறங்கும் ஓடை வேலியை ஒட்டிப் போகிறது, மாசி வரை ஓடும். அங்கே?

பழைய கணக்குப்பிள்ளை எழுதியது:

வளர்ப்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தின்பதைப் பற்றித் தெரியும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தவன். 1994 முதல் ஒன்பது வருடம் வட நைஜீரியாவில் கானோ நகரத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதினேன்.

கானோ வறண்ட ஊர். அங்கே ஒரு கோலா மரம்கூடக் கிடையாது. ஆனால் ஊரெங்கும் கோலாக்கொட்டை. தெற்கே காட்டில் விளைந்து, பச்சை இலை பரப்பிய கூடைகளில் லாரி லாரியாக வரும். லாரிக்கு முன்பு கழுதையில் வந்ததாம், பல நூறு வருடங்களாக. ஹவுசா மக்கள் இதைக் ‘கோரோ’ என்பார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், மதுவைத் தொடமாட்டார்கள், கோலாவுக்குத் தடையில்லை. கல்யாணம் பேசி முடித்தால் கோலா, பிள்ளைக்குப் பெயர் வைத்தால் கோலா. நாம் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற இடத்தில் எல்லாம் அவர்களுக்கு அது. ஆலையின் இரவுக் காவலாளி ஒரு பருப்பைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் விடியும் வரை உட்கார்ந்திருப்பார். பசியும் தெரியாது என்பார். பல் மட்டும் துருப்பிடித்த தகரம் போல் இருக்கும். உங்கள் மாமனார் இரண்டு மணி வரை கதை சொன்னதில் எனக்கு வியப்பே இல்லை. உலர் எடையில் அராபிகாக் கொட்டையில் காஃபீன் 1.2 சதவீதம் என்றால் கோலாவில் ஏறத்தாழ 2 சதவீதம்.

என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் இக்போ இனத்தவர். ஒரு கிறிஸ்துமஸுக்கு எனுகுவுக்குப் பக்கத்தில் இருந்த தன் ஊருக்கு அழைத்துப் போனார். போய் உட்கார்ந்ததும் ஒரு மரத்தட்டில் கோலாக்கொட்டை வந்தது. உடனே தின்றுவிட முடியாது. தட்டு ஒவ்வொருவர் கையாகச் சுற்றி வந்தது, பிறகு பெரியவர் ஒருவர் அதைக் கையில் ஏந்தி நெடுநேரம் வாழ்த்திப் பேசினார். எனக்குப் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். அறையே சிரித்தது. கோலாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றார்கள். அது அங்கே பழமொழியே. அன்றைக்கு எங்கள் ஆலையில் தமிழ்க் கடிதத்தைக்கூட ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கோப்பில் வைக்கும் வழக்கம் இருந்தது, அதை நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் சடங்குக்கு எடுத்தது உங்களுக்கு வந்தது போன்ற இரண்டு பருப்புக் கொட்டை அல்ல. அது கோலா நிட்டிடா. சடங்குக்கு வேண்டியது கோலா அக்யுமினாட்டா, மூன்று முதல் ஆறு பருப்பு வரை இருக்கும். உடைத்ததும் எத்தனை என்று எண்ணுவார்கள். நான்கு வந்தால் மகிழ்ச்சி, அவர்களுடைய வாரத்தில் சந்தை நாள் நான்கு. வழக்கப்படி பெண்கள் கோலாவை உடைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா கோபிக்கக் கூடாது.

அட்லாண்டாவில் பெம்பர்டன் என்ற மருந்துக்காரர் 1886-இல் செய்த பானத்தின் பெயரில் பாதி இந்தக் கொட்டையுடையது. கானோவில் அதே பானத்தைப் பாட்டிலில் விற்ற கடைக்கு எதிரிலேயே கொட்டையைக் கூறு கட்டி விற்பார்கள். கூட்டம் கூறு கட்டிய இடத்தில்தான்.

நாகலூர் மிளகுக்கொடி எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா, நான் ஏற்கெனவே ஒன்றைப் பிளந்துவிட்டேன், அதுவும் புழுவோடு. வழக்கத்தை மீறிய பலனாக இருக்கும்.

பாக்குத்தோப்பு அண்ணா, குப்பனூருக்கு உங்கள் பதில் வேண்டும். இன்னொன்று: பறித்த கொட்டையை எப்படிப் பக்குவப்படுத்துவது? தோட்டத்தில் காட்டெருமைத் தொல்லை தாங்கவில்லை. சென்ற மாதம் ஒன்று எங்கள் காப்பிக் களத்திலேயே வந்து படுத்துக்கொண்டது. அதற்குப் பயந்தே கேட்கிறேன், இந்த மரத்தை எந்த மிருகமாவது தின்னுமா?

வாழப்பாடி பாக்குத்தோப்பு எழுதியது:

ஓடை மாசி வரை என்றால், பங்குனியிலிருந்து ஆனி வரை நீங்கள் ஊற்ற வேண்டும். சொட்டுநீர் போட்டுக்கொள்ளுங்கள், முதல் மூன்று கோடைகளுக்கு அது தவறினால் மரம் இல்லை. நடுவதற்கு முன் இரண்டடி தோண்டிப் பாருங்கள். செம்மண்ணாக இறங்கினால் சரி. சேலத்து வெள்ளைக்கல் பூமியாக, சுண்ணாம்பாக வந்தால் இரும்புச்சத்து எடுக்க முடியாமல் இலை வெளுக்கும். பாக்கு வரிசைக்கு நடுவில், தென்னை நிழல் பாதி விழும் இடமாகப் பார்த்து வையுங்கள். ஆணிவேர் அறுபடாமல் பையோடு இறக்க வேண்டும். ஆடி மழை பிடித்ததும் நடலாம். கன்று வேண்டுமென்றால் என்னிடம் நான்கு நிற்கின்றன, இரண்டு வயது. பணம் வேண்டாம், ஒரு படி மிளகு போதும்.

பக்குவம்: பூத்து நான்கு, நான்கரை மாதத்தில் காய் முற்றும். கரும்பச்சை வெளிறும்போது, வெடிக்கும் முன்பே பறித்துவிட வேண்டும். தோடு தடிப்பாக இருக்கும், அரிவாளின் பின்பக்கத்தால் தட்டிப் பிளக்கலாம். உள்ளே ஒவ்வொரு கொட்டைக்கும் வெள்ளைச் சட்டை ஒன்று இருக்கும். ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊறப்போட்டால் சட்டை நெகிழ்ந்து கையோடு வரும். கழுவி, நிழலில் நீர் வடியவிட்டு, வாழையிலை பரப்பிய கூடையில் போட்டு மூடுங்கள். முதல் சில நாட்கள் கொட்டை வேர்க்கும், துடைத்து இலையை மாற்ற வேண்டும். பிறகு வாரம் ஒரு முறை எடுத்துப் பார்த்து, பூசணம் கண்டதையும் ஓட்டை கண்டதையும் தள்ளிவிடுங்கள். இப்படிப் பல மாதம் கெடாமல் இருக்கிறது. வெயிலில் காயவைத்தும் வைக்கலாம், அது பொடிக்குத்தான் ஆகும், மெல்ல முடியாது. நான் பொடியைக் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் கொதிக்கவைத்துக் குடித்துப் பார்த்தேன். மோசமில்லை. காப்பித் தோட்டக்காரரிடம் இதை அதிகம் புகழ்ந்து பேச எனக்குத் துணிச்சல் இல்லை.

உங்கள் மாமனாருக்கு இரத்த அழுத்தம் இருந்தால் கொடுக்காதீர்கள். இதயத் துடிப்பு ஏறும். கர்ப்பிணிகளுக்கும் கூடாது.

காட்டெருமை எங்கள் பக்கம் வருவதில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்லத் தெரியாது. குரங்கு வரும். போன வருடம் ஒரு கிழக் கடுவன் காயைப் பிய்த்து, கொட்டையை ஒரு கடி கடித்துவிட்டு, என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டே துப்பியது. பிறகு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் குனிந்து குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. மறுநாளும் வந்தது; காய்ப் பக்கம் திரும்பவில்லை, தொட்டிக்கு மட்டும் போய் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு கிளம்பிவிட்டது.